ஓதப் போகும் பிள்ளைகளும் எங்கள் பயங்களும்

ஹட்டன் டவுனில் வளரும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் நாளை நேர அட்டவணையாக எழுதிப் பார்த்தால் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். பனி கலையாத விடியலில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் வுளூ செய்து ஸுபஹுத் தொழுகை. பிறகு ஸ்கூல். ரெண்டு மணிக்கு வீடு. சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக ஓதப் பள்ளி. அஸருக்குப் பிறகு டியூஷன். மஃரிப் தொழுதுவிட்டு யாஸீன், அதன் பிறகு ஹோம்வேர்க். ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பாஸ்ட் பேப்பர் வேறு. சனிக்கிழமை டியூஷன், ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யா. விளையாட்டுக்கு இந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

நாங்கள் இப்படி வளர்ந்தவர்கள். எங்கள் வாப்பாமாரில் சிலருக்கு டவுனில் சொந்தக் கடை, சிலர் அடுத்தவர் கடையில் கணக்கெழுதுபவர்கள். ஒரே ஓதப் பள்ளிப் பாயில் உட்கார்ந்த எங்களில் இரண்டு மூன்று பேர் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். சிலர் கடையில் நிற்கிறார்கள். சிலர் கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளை அதே பாய்க்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

மலையகத்தில் முஸ்லிம் பிள்ளையாக இருப்பது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். எங்கள் வீட்டில் 'தாத்தா' என்றால் அக்கா. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் சிநேகிதிக்குத் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். சிங்களம் பேசும் சிநேகிதிக்கோ அப்பாதான் தாத்தா. "எங்க தாத்தாவுக்குக் கல்யாணம்" என்று எங்களில் ஒருத்தி வகுப்பில் சொன்னபோது மொத்த வகுப்பும் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆறு வயதிலேயே எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தெரிந்துகொண்டோம். இது ஒரு நல்ல பயிற்சி. ஆனால் சொல்லை மாற்றப் பழகும் பிள்ளை, எதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது.

மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ரயிலாக ஆட்கள் இறங்குவார்கள். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை, எங்களுக்குப் பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பதூதா ஏறியதும் இதே மலைதான். எங்கள் கடைகளில் பருவகால வியாபாரம் நடப்பதும் இதே மலையால்தான். "அப்ப அந்தக் கால் அடையாளம் யாருடையது?" என்று எங்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வயதில் கேட்டிருக்கிறோம். வீட்டில் கிடைத்த பதில், "அதெல்லாம் கேக்கப்படாது." ஓதப் பள்ளியில் கிடைத்தது ஒரு முறைப்பு. ஸ்கூலில் நாங்கள் கேட்கவே இல்லை.

பிள்ளை வளர்ச்சி பற்றிப் படிக்கும்போது யூரி புரொன்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளரின் பெயர் வரும். 1979இல் வெளியான தன் நூலில் அவர் பிள்ளையை நடுவில் வைத்து, சுற்றிவர வட்டங்கள் போட்டுக் காட்டுகிறார். உள்வட்டத்தில் வீடு, பள்ளிக்கூடம், வழிபாட்டிடம் போன்றவை. வெளியே பெற்றோரின் தொழில், அதற்கும் வெளியே நாட்டின் சட்டம், கலாசாரம். எங்களுக்குப் பிடித்தது அவர் சொல்லும் இன்னொரு விஷயம்: வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்பது எவ்வளவு முக்கியமோ, அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதும் அவ்வளவு முக்கியம்.

இதைப் படித்ததும் எங்களுக்கு ஊர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஹஸரத்தும் எங்கள் வகுப்பாசிரியரும் ஒருநாளும் சந்தித்ததில்லை. டியூஷன் சேருக்கு ஓதப் பள்ளி நேரம் தெரியாது. வாப்பா கடை பூட்டி வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். இந்த எல்லா இடத்துக்கும் போய்வந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். ஓரிடத்தில் வாங்கிய பயத்தை இன்னோரிடத்தில் இறக்கி வைக்க முடியாமல் தானே சுமந்து திரிந்ததும் அந்தப் பிள்ளைதான்.

ஓதப் பள்ளி எங்களுக்குக் கொடுத்ததை மறைக்க மாட்டோம். வலமிருந்து இடமாக ஒரு எழுத்து, நீண்ட பகுதிகளை மனதில் நிறுத்தும் பழக்கம், பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலிக்கு நிற்பவர் பிள்ளையும் ஒரே பாயில் முட்டிக்கொண்டு உட்காரும் வாய்ப்பு, எல்லாமே அங்கே கிடைத்தவை. நோன்பு காலத்தில் பள்ளிக் கஞ்சியை வாளியில் வாங்கி வந்து பக்கத்து இந்து வீட்டுக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். அந்த வாளியைத் தூக்கிய பிள்ளைக்கு, தன் மார்க்கம் அடுத்தவருக்குப் பசியாற்றுவது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் அதே பாயில் பிரம்பும் இருந்தது. ஐனையும் அலிஃபையும் ஒரே மாதிரி உச்சரித்ததற்காக எங்களில் ஒருத்திக்கு உள்ளங்கை வீங்கியது. வீட்டில் காட்டியபோது மூத்தும்மா சொன்னது இன்றும் பல வீடுகளில் சொல்லப்படுவதுதான்: "ஹஸரத்துட அடி பட்ட எடத்த நரக நெருப்பு தொடாது." அடித்தவரை நாங்கள் பெரிதாகக் குறைசொல்லவில்லை. அவரும் அப்படித்தான் ஓதியிருப்பார், சம்பளமும் சொற்பம். எங்களை அதிகம் பாதித்தது அந்தப் பதில்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எதையும் காட்டவில்லை.

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளை பகல் ரெண்டு மணிவரை பாதுகாக்கப்பட வேண்டியவன், மூன்று மணிக்கு ஓதப் பள்ளிக்குள் போனதும் அடிக்கத்தக்கவன் என்றால் அது என்ன நியாயம்?

இங்கே சிலர் உடனே ஒரு ஹதீஸைச் சொல்வார்கள். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்துடையது. சரி, கணக்குப் பார்ப்போம். ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று வருஷம். நாளுக்கு ஐந்து நேரம். ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்பாகக் கூப்பிட வேண்டும். அந்த ஐயாயிரத்தை விட்டுவிட்டு நேரே பிரம்புக்குப் போகிறவர்கள் எந்த ஹதீஸைப் பின்பற்றுகிறார்கள்? அப்படியே அடித்தாலும் காயப்படுத்தக்கூடாது என்றுதான் உலமாக்களும் விளக்கியிருக்கிறார்கள். நபியவர்களுக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ், ஒருநாளும் தன்னை 'சீ' என்று கூடச் சொன்னதில்லை என்று அறிவித்திருக்கிறார். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் நபியவர்கள் தொழுகையைச் சுருக்குவார்கள். ஸுஜூதில் பேரப்பிள்ளை முதுகில் ஏறினால், அது இறங்கும்வரை தலை தூக்காமல் இருப்பார்கள். நாங்கள் இவற்றையெல்லாம் ஓதப் பள்ளியில் கேட்டதைவிட, வளர்ந்த பிறகு நாங்களாகத் தேடி வாசித்ததுதான் அதிகம்.

இது உள்ளே இருந்து வந்த பயம். வெளியிலிருந்தும் வந்தது.

2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் பள்ளிகளும் எரிந்தபோது ஹட்டனில் எங்கள் வாப்பாமார் நேரத்தோடு ஷட்டரை இறக்கினார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஸ்கூல் திறந்தபோது வாசலில் எல்லோருடைய பேக்கையும் சோதித்தார்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவானது. ஆனால் எங்கள் பர்தாவைப் பார்த்த பிறகு நின்ற பார்வை பொதுவானது இல்லை. ஏழு வருஷம் ஒரே வாங்கில் உட்கார்ந்த சிநேகிதி, "ஒங்க ஆளுகதானே செஞ்சாங்க" என்றாள். அவளும் பயந்துபோன பிள்ளைதான். அன்று வீட்டில், "வெளிய போய் ஒண்டும் பேசாத." ஓதப் பள்ளியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்கூலில் நேரே பாடத்துக்குப் போய்விட்டார்கள். யாருமே கெட்டவர்கள் இல்லை, எல்லோருக்கும் பயம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அடுத்த வருஷம் கொரோனா. இறந்தவர்களை அடக்க விடாமல் எரித்தார்கள். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளேயான குழந்தையைக்கூடப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்குவதற்கு அனுமதி வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ராத்திரி பகலாக அதே பேச்சு. எங்களில் ஒருத்தியின் எட்டு வயதுத் தம்பி ஒருநாள் கேட்டான்: "நான் மௌத்தானா என்னயும் எரிப்பாங்களா?" நெருப்பு என்றால் நரகம் என்று படித்திருந்த பிள்ளைக்கு அரசாங்கம் மூட்டிய நெருப்பு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய வாப்பா அன்று கடைக்குப் போகவில்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அது நரக நெருப்பு இல்ல மகன், இது மனிசன் செய்ற பிழை, அல்லாஹ் அத அந்தப் புள்ளட கணக்கில எழுத மாட்டான்" என்று சொன்னார். நாங்கள் கேட்ட மார்க்கப் பாடங்களில் மிக நல்லது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பயம் கூடுதலாக உண்டு. 1995இல் நாட்டின் மற்றவர்களுக்குத் திருமண வயது 18 ஆக்கப்பட்டது. எங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். அதில் குறைந்தபட்ச வயது கிடையாது. 12 வயதுக்குக் கீழே என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பதிவில் மணமகளின் கையொப்பமும் கட்டாயமில்லை, வலி கையொப்பமிட்டால் போதும். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. குழு அமைத்த வருஷம் பிறந்த பிள்ளை இப்போது சாதாரண தரம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டது.

"இப்ப யாரும் அப்பிடிச் சின்ன வயசில கட்டிக் குடுக்கிறதில்லையே" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சட்டத்தில் திறந்திருக்கும் கதவு வீட்டுப் பேச்சில் வந்து நிற்கும். எங்களோடு ஓதிய ஒருத்திக்கு உயர்தரம் முதல் வருஷத்திலேயே மாப்பிள்ளை பேசினார்கள். அவள் வரைபடம் கீறினால் ஆசிரியர் வகுப்புக்கே தூக்கிக் காட்டுவார். பரீட்சை எழுதவில்லை. 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்பதால் சாதாரண தரம்வரை யாரும் கைவைக்கவில்லை. 18 என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் அவளுக்குக் கிடைத்திருக்கும். பெண் பிள்ளை படிப்பது ஏதோ வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த யோசனையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டியில் அறிஞர் சித்திலெப்பை முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

மார்க்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. பல்கலைக்கழக விடுதியில் தனியாக இருந்த முதல் மாதங்களில் எங்களைத் தாங்கியது அந்தப் பாயில் கற்ற துஆக்கள்தான். அந்தத் தைரியம் பிரம்படி இல்லாமலே ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பள்ளி நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்கப் போகிறோம். ஒன்று, ஓதப் பள்ளிக்குள் பிரம்பு வேண்டாம். பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் சொல்வதற்கு 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு, தவணைக்கு ஒருமுறையாவது ஹஸரத்தும் ஸ்கூல் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு பின்னேரமாவது விளையாட விடுங்கள். மூன்று, உயர்தரம் முடியாத பெண் பிள்ளையின் நிக்காஹை நம் பள்ளியில் நடத்துவதில்லை என்று ஜும்ஆவில் அறிவியுங்கள். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

மறுத்தால் காரணம் கேட்போம். "அதெல்லாம் கேக்கப்படாது" என்று இந்தத் தடவை சொன்னால், திரும்பவும் கேட்போம்.