மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

வலக்கண்ணுக்கு மைனஸ் 11, இடக்கண்ணுக்கு மைனஸ் 12. இவை என் கண்ணாடியின் எண்கள். அதைக் கழற்றிவிட்டால் 9 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள உலகம் எனக்கு மார்கழி மூட்டம்தான். வகுப்பில் ‘சோடாப்புட்டி’ என்ற பட்டம் கிடைத்ததில் வியப்பில்லை. சூட்டிய தோழியர் மீது வருத்தமும் இல்லை. ஆனால், கண்ணாடி போட்டுவிட்டால் குறை தீர்ந்தது என்று பலரும் எண்ணுகிறோமே, அதைப் பற்றித்தான் சிறிது சொல்ல விழைகிறேன்.

வளர்ந்தவர்களின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது 1 மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 3 கூடும். அந்தக் கணக்குப்படி என் கண்கள் 28 மில்லிமீட்டரை நெருங்கியிருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்கலாம். கோளம் நீளும் அளவுக்கு விழித்திரை வளர்வதில்லை; உள்ளதே இழுபடுகிறது. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடச் சட்டையை மாட்டினால் தையல் இழுபடுமே, அப்படி.

விழித்திரையின் உட்பகுதிக்கு அதிலேயே ஓடும் மெல்லிய குழாய்கள் இரத்தம் தருகின்றன. ஒளியை உணரும் வெளிப்பகுதிக்கோ, பின்னாலிருக்கும் கோராய்டு என்னும் படலமே உயிர்வளி ஊட்டுகிறது. நீண்ட கண்ணில் முன்னவை வளைவு குறைந்து நேராகின்றன, கோராய்டு மெலிகிறது. இடையிலுள்ள சவ்வில், கோடைக் கண்மாய்த் தரைபோல், வெடிப்புகள் தோன்றலாம். அவற்றின் வழியே கோராய்டிலிருந்து புதுக் குழாய்கள் முளைப்பதுண்டு. அவை வலுவற்றவை, கசியும், உடைந்து இரத்தம் கட்டும். பார்வையின் நடுவிடத்தில் இது நேர்ந்தால் படிக்கும் வரியே வளைந்து தெரியும். பிறகு நடுவில் கருமை விழும். எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்ற வியன்னா மருத்துவர் 1901இல் விவரித்த கரும்புள்ளி இதன் தழும்பே. இன்று அக்குழாய்களை வளரச் செய்யும் புரதத்தைத் தடுக்கும் மருந்தை ஊசியால் கண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். காலத்தில் போட்டால் பார்வை நிற்கும். தழும்பான பின் பயன் குறைவு.

மற்றோர் ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. மெலிந்த விழித்திரை கிழிந்தால் நீர் உட்புகுந்து அதைச் சுவரிலிருந்து பெயர்த்துவிடும். கிழிசலை அடைப்பதே வழியென்று சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் 1920களில் செய்து காட்டும்வரை, அந்தக் கண் பெரும்பாலும் போனது போனதுதான்.

சென்ற ஆண்டு சொட்டு மருந்திட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தபோது, என் இடக்கண் ஓரத்தில் ஒரு சிறு துளை தெரிந்தது. லேசரால் சுற்றிலும் வேலி போட்டார்கள். செய்தி ஊருக்குள் வந்தவுடன், “படிச்சுப் படிச்சுத்தான் இப்படி ஆச்சு, நிறுத்திடு” என்றார் பெரியப்பா. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லாத வீட்டில் இது சாதாரணச் சொல் அல்ல. அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை என்னோடு வந்து டாக்டரம்மாவிடம் நேரே கேட்டுவிட்டார். “படிக்கிறதால திரை கிழியாதும்மா. தாராளமா படிக்கட்டும். திடீர்னு மின்னல் வெட்டினாலோ, பூச்சி பறந்தாலோ, திரை இறங்கினாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.” அந்த மூன்றையும் அம்மா பேருந்தில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டார். பெரியப்பாவுக்கும் அவரே பாடம் நடத்தினார்.

லேசர் வைத்துக் கண்ணாடியையே கழற்றிவிடலாமே என்று தோழியர் கேட்கின்றனர். அது வேறு லேசர். முன்னாலுள்ள கருவிழியைச் செதுக்குவது. கண்ணாடி போகும், கண்ணின் நீளம் போகாது. ஆண்டுதோறும் சோதனைக்குப் போகத்தான் வேண்டும். கண்ணாடியை விட்டுவிட்டுச் சோதனையையும் மறந்துவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்கு அச்சம்.

ஆய்வக ரெக்கார்டில் மிஞ்சிய வரைபடத்தாள் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒரு மைப்புள்ளி. ஞாயிறுதோறும் கண்ணாடியுடன் நின்று, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் அப்புள்ளியை நோக்குவேன். “கோடெல்லாம் நேரா இருக்கா?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்பார். இதுவரை நேராகத்தான் இருக்கின்றன.