சாய்ந்த மரத்தின் நார்

ரப்பர் மரப் பலகையின் ஓரத்தை ரூட்டர் மேசையில் ஓட்டும்போது ஓரிடம் வழவழவென்று வரும். ஒரு சாண் தள்ளி அதே பலகையில் நார் எழும்பி, கையில் சொரசொரவென்று தட்டும். ரூட்டரில் சுழலும் வெட்டுமுனையான பிட் புதிது, வேகம் மாறவில்லை, தள்ளும் கையும் அதே கைதான். பின் ஏன்? சுங்கைப்பட்டாணியில் எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த அண்ணனிடம் கேட்டேன். "அது மரத்தோட குணம் தம்பி, மேசையில தேடாதீங்க" என்றார்.

மேசையில் கற்க வேண்டியதை அவர் ஏற்கெனவே ஒழுங்காகச் சொல்லித்தந்திருந்தார். மேலிருந்து பார்த்தால் பிட் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே பலகையை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் நம் கைக்கு எதிராக நிற்கும், பலகையும் பின்னாலிருக்கும் தடுப்புப் பலகையோடு ஒட்டிப் போகும். திசை மாறினால் பிட் பலகையைப் பிடுங்கி எறிந்துவிடும், விரலும் கூடவே போய்விடலாம். பிட்டுக்கும் தடுப்புக்கும் இடையில் பலகையை ஒருநாளும் நுழைக்கக் கூடாது. பிட்டின் தண்டை அடிவரை செருகி, பிறகு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு முடுக்க வேண்டும். ஐம்பது மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய பிட்டுக்கு நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் வேண்டாம். நான்கு ஓரமும் இழைப்பதானால் குறுக்கு ஓரம் முதலில்; அதன் முனையில் பிய்வதை நெடுக்கு ஓரம் இழைக்கும்போது எடுத்துவிடலாம். இதையெல்லாம் கடைப்பிடித்தும் நார் எழும்பியது.

படாங் செராய் பக்கம் ஒரு பலகை ஆலைக்குப் போனேன். ரப்பர் மரத்தில் சர்க்கரையும் மாவும் அதிகம். வெட்டிச் சாய்த்த சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை ஏறிவிடும், வண்டு துளைத்துவிடும். அதனால் லாரியில் வந்த கட்டையை உடனே அறுத்து, இரும்பு உருளைக்குள் அடுக்கி, அழுத்தத்தில் போரான் கரைசலை ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். அறுத்த ஈரப் பலகை ஒன்றை அங்கிருந்த மேற்பார்வையாளர் வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளிப் பளபளப்பாக ஒரு பட்டை ஓடியது. ரம்ப வாய் பட்ட இடத்தில் அந்தப் பட்டையில் மட்டும் முடி முடியாக நின்றது. "இந்த மாதிரிப் பலகதான் சூளையில வில்லா வளையும்" என்றார்.

அந்தப் பட்டைக்கு விளக்கம் மர ஆய்வு நூல்களில் இருந்தது. அகன்ற இலை மரம் சாய்ந்தால், தன்னை நிமிர்த்திக்கொள்ளச் சாய்வின் மேல்பக்கத்தில் இழுவிசை மரம் என்ற தனிவகை மரத்தை வளர்க்கிறது. அதன் இழைகளுக்குள் ஏறக்குறைய வெறும் செல்லுலோஸால் ஆன ஓர் உறை. விறைப்பைத் தரும் லிக்னின் மிகக் குறைவு. கத்தி பட்டதும் அந்த இழை அறுபடாமல் வளைந்து இழுபடும். காயும்போது மற்ற இழைகளைவிட நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும். நாரும் வளைவும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்று அப்போதுதான் பிடிபட்டது.

மரம் ஏன் சாய்ந்தது? இதைக் கேட்க எனக்கு அத்தை இருந்தார். பீடோங் பக்கத் தோட்டத்தில் காலமெல்லாம் பால் வெட்டியவர். "மலச்சரிவு நிரையில பாதி மரம் சாஞ்சுதான்டா நிக்கும். கோடு போட்டா பால் கோட்டுல நிக்காம பட்டையில வழிஞ்சிரும். மங்க நவுத்தி நவுத்திக் கட்டணும்" என்றார். மங்கு என்பது பால் பிடிக்கும் கிண்ணம். எந்த நிரையில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இன்றும் சொல்கிறார். அந்த மரங்களையெல்லாம் வெட்டியாகிவிட்டது. நான் வாங்கிய பலகைகளில் ஒன்று அவர் கோடு போட்ட மரமாகக்கூட இருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்தச் சாய்வை யாரும் பொருட்படுத்தாததற்கு இந்த மரத்தின் வரலாறே காரணம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அன்றிலிருந்து இந்த மரத்தைப் பாலுக்காகவே வளர்த்தார்கள். 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் (ஆர்.ஆர்.ஐ.எம்.) ஒட்டுரகங்களைத் தேர்ந்ததும் முதன்மையாகப் பாலை வைத்துத்தான். இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் வற்றினால் மரம் வெட்டப்படும். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்த, செங்கல் சூளைக்கு, கரிக்கு என்று எரித்தே தீர்த்தார்கள். மேசை நாற்காலிக்கான மரமாக அது பெரிய அளவில் மதிப்புப் பெற்றது 1980களில்தான். தண்டு நேராக இருக்கிறதா என்று யாரும் கவலைப்பட்டு வளர்க்காத மரத்தை நாம் பிட்டின் முன் நிறுத்துகிறோம். அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இப்போது பலகையை வாங்கியதும் சாய்வெளிச்சத்தில் பார்க்கிறேன். வெள்ளிப் பட்டை கண்ணில் படாத பின்பக்கத்துக்கோ, ரூட்டர் வேலை வேண்டாத இடத்துக்கோ போகும். தவிர்க்க முடியாவிட்டால் ஆழத்தைப் பல ஓட்டங்களாகப் பிரித்து, கடைசி ஓட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் விட்டு, கூரான கார்பைடு பிட்டால் நிறுத்தாமல் தள்ளுகிறேன், நின்றால் கருகும். அப்புறமும் எழும்பும் நாருக்கு மெல்லிய சீலர் ஒரு பூச்சு. அது காய்ந்து நார் விறைத்ததும் உப்புத்தாளில் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

பாலோடு பலகையும் கருதித் தேர்ந்த ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை ரகங்கள் பின்னாளில் வந்தன. அவற்றின் முதல் நடவுகள் வெட்டும் வயதை எட்டிவருகின்றன. அந்தக் கட்டை ஆலைக்கு வந்தால் ஒரு பலகை எடுத்துவைக்கும்படி மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.