துணிக்கு முன்னால் கை

படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு உடம்பு துடைத்துவிடுவதைக் காலை ஷிஃப்டின் தொல்லைகளில் ஒன்றாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆள் பற்றாத வார்டில் அதை உறவினர் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. முடிந்தவரை நான் விட்டுக்கொடுப்பதில்லை. நோயாளியின் தோலை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க அன்றைக்கு வேறு சந்தர்ப்பம் வாய்க்காது.

படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் என்று பாடப்புத்தகம் காட்டுவது, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு. நம் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் உடைந்த பிறகுதான் தெரியும். இங்கே அந்த இடம் அக்கம்பக்கத்தைவிடச் சற்றுக் கறுத்திருக்கும், அல்லது ஊதா பாய்ந்திருக்கும். கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஈரத் துணி பட்டால் எல்லா இடமும் குளிர்ந்துவிடும் என்பதால், துடைக்கும் முன்பே கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், ஆக்ஸிஜன் குழாய் அழுத்தும் காதுமடலின் பின்புறம். சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, சில்லென்று இருக்கிறதா? விரலுக்குக் கெட்டியா, கொழகொழப்பா? வலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நிறம் மாறுவதற்கு முன்பே வலி வந்துவிடுவதுண்டு.

“நல்லா தேய்ச்சு விடுங்க சிஸ்டர், ரத்தம் ஓடட்டும்” என்பார்கள் கூட இருப்பவர்கள். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்க்கத்தான் எங்களுக்கே ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நசுங்கிய திசுவைத் தேய்த்தால் இன்னும் கெடும். பாரத்தை இறக்குவதுதான் வைத்தியம். குதிகால் என்றால் கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தால் போதும்.

படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்க 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோலில் ஆறு அம்சங்கள், மொத்தம் 23. மதிப்பெண் 18-க்குக் குறைந்தாலே, ஏன் 18 என்றாலே, ஆபத்து. நல்ல கருவிதான். ஆனால் நேற்றைய எண்ணைப் பார்த்து மேஜையிலேயே இன்றைய எண்ணைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ‘ஈரம்’ என்று ஓர் அம்சம் உண்டு. மடிப்புகளை விரித்துப் பார்க்காமல் அதற்கு எப்படி எண் போடுவது?

பருத்த உடம்புள்ள ஒரு சர்க்கரை நோயாளி. திரையை இழுத்துவிட்டுக் கேட்டேன்.

“பாட்டி, மாருக்கு அடியில தூக்கித் துடைச்சு விடட்டுமா?”

“வேணாம் தாயி, வாடை அடிக்கும்.”

அடித்தது. பவுடர் வியர்வையில் குழைந்து திரண்டிருந்தது. அடியில் தோல் வெந்துபோய், அதன் ஓரத்துக்கு வெளியே சின்னச் சின்னப் பொரிகள் தனித்தனியாகச் சிதறியிருந்தன. அப்படிச் சிதறியிருந்தால் முதலில் பூஞ்சையைத்தான் சந்தேகிக்க வேண்டும். டாக்டர் வந்து பார்த்துக் களிம்பு எழுதினார். சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார்.

பேச்சுக்கொடுத்ததில் பாட்டிக்கு வலது தோள் எழும்பவில்லை என்று தெரிந்தது. மருமகள் தண்ணீர் ஊற்றுவாள். அவளிடம் இந்த இடத்தைக் காட்டக் கூச்சம். கேஸ் ஷீட்டில் ‘சுத்தம் போதாது’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அது பாட்டியைக் குற்றம் சொல்லுமே தவிர, மாலை ஷிஃப்டுக்கு வரும் சிஸ்டருக்கு உதவாது. தோள் எழும்பவில்லை, மார்பின் அடியை ஒற்றி உலர்த்த ஆள் வேண்டும், பவுடர் வேண்டாம் என்று எழுதினேன். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து தோளைப் பார்த்தார்.