அந்த ஆறு மணி நேரம்

ஹெல்மெட் போடாமல் பைக்கில் போன பையன். தலையில் பலத்த அடி. மூன்றாம் நாள், ஐ.சி.யூ. வாசலுக்கு அம்மாவை அழைத்தார் டாக்டர். "மூளைச்சாவா இருக்கலாம்னு நினைக்கிறோம்மா. டெஸ்ட் பண்ணணும்."

"மூச்சு விடுறானே சார்? கைகூட சூடா இருக்கே!"

மூச்சு விடுவது வென்டிலேட்டர். இதைப் புரியவைப்பதுதான் எந்த டாக்டருக்கும் பெரும்பாடு.

மயக்க மருந்தின் தாக்கம் இல்லை என்று முதலில் உறுதி செய்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள், பாவை சுருங்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டும் இருமல் வரவில்லை. வழக்கமாகத் தலையை இருபுறமும் திருப்பிக் கண் அசைவைப் பார்ப்பார்கள். இவனுக்குக் கழுத்து எலும்பிலும் முறிவு என்பதால் அதைத் தொடவில்லை. காதில் ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். கண் நகரவில்லை. கடைசியாக, ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்து வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவு 60-ஐத் தாண்டியும் தானாக ஒரு மூச்சும் எழவில்லை.

1994-ம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் விரல் அசைந்தது. "தம்பி அசையுறான்!" என்று அம்மா கத்திவிட்டார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "அது தண்டுவடத்துல இருந்து வர்ற அசைவும்மா. மூளையில இருந்து இல்ல."

நம்பவில்லை அவர். எந்தத் தாய்தான் நம்புவாள்?

இரண்டாவது சோதனையின்போது அவரையும் கட்டிலருகே நிற்கச் சொன்னார்கள். வென்டிலேட்டர் விலகியிருந்த அந்தச் சில நிமிடங்களும் மகனின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அவரே தலையசைத்துவிட்டார்.