நாடாவில் நின்ற கூச்சல்

ராக் இசை நிகழ்ச்சிகளின் பதிவுகளுள் அனுமதியின்றி உலவும் நாடாக்களைச் சேர்க்கும் நாம், முதலில் இரைச்சலைத்தான் அளக்கிறோம். நகலெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். மெல்லிய ஓசைகள் மங்கும். பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் பாடிய பதிவோ, இசைத்தட்டு நிறுவனமே எடுத்ததாகையால் மிகத் தெளிவானது. ஆயினும் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பதிவானதென்ற தவறான பெயரோடு பல்லாண்டு கைமாறி, 1998இல்தான் முறைப்படி வெளிவந்தது.

நாட்டுப்பாடலுக்குரிய எளிய கித்தாரை விட்டு மின்கித்தாரை ஏந்தினாரே என்ற சினத்தில், பாடல்களுக்கிடையே ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துகிறார். பெரிய வெள்ளிதோறும் பாடுகளின் வாசகம் கேட்டு வளர்ந்த நமக்கு அது வெறும் வசையன்று, உடல் சிலிர்க்கிறது. பாடகர் மறுத்துரைக்கிறார், அடுத்த பாடல் முன்னிலும் உரக்க எழுகிறது. கூட்டத்தின் குரலைக் குறையெனக் கழித்து மதிப்பிடும் நண்பர்களும் உண்டு. அக்குரலை நீக்கிய நாடா எத்துணைத் தூய்மையாயினும் நமக்கு வேண்டாம்.