மைனஸ் எஃப்

செஞ்சியில் எனக்குத் தெரிந்த ஒரு டி.டி.பி. கடையில் எழுத்துரு மாற்றும் நிரல் சில நாள் முடங்கிக் கிடந்தது. காரணம் கரண்டும் இல்லை, வைரஸும் இல்லை. நான்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். அதன்பின் கடையில் நோட்டீஸ் வேலை கூடியது. கடைக்கார அண்ணன் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வாங்கினார். 2008-ல் கட்டிய அந்தப் பழைய நிரலை அதில் ஓடவைப்பது என் பொறுப்பு.

நிரலைக் கட்டும் முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், இது என்ன மெஷின் என்று தெரியாமல் நின்றுவிட்டது. நியாயம்தான். மெஷினின் பெயரைக் கண்டுபிடிப்பது கான்ஃபிக்.கெஸ் என்ற துணைக்கோப்பு. தன் பட்டியலில் உள்ளதைத்தான் அது அறியும். இந்த ராஸ்பெரி பையில் இருக்கும் 64 பிட் ஆர்ம் சிப் வகை அறிவிக்கப்பட்டதே 2011-ல், நிரலோ 2008.

கான்ஃபிகரை மறுபடி உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கருவியை 'மைனஸ் ஐ' போட்டு ஓட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. "எல்லாம் புதுசா மாத்தியாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். மைனஸ் ஐ இல்லாத கோப்பைத்தான் கொண்டுவரும், இருக்கிற கான்ஃபிக்.கெஸ்ஸைத் தொடாது. அதன் தலைப்பிலேயே டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி உண்டு. திறந்து பார்த்திருந்தால் பழைய தேதி பல்லிளித்திருக்கும். திறக்கவில்லை.

கான்ஃபிகரை ஓட்டினால் திரும்பவும் அதே பிழை. எரிச்சலில் 'மைனஸ் எஃப்' சேர்த்தேன். கான்ஃபிக்.கெஸ் புதிதானது. கூடவே இன்ஸ்டால் என்ற கோப்பும். அதோடு சேர்ந்து ஓடும் ஆட்டோமேக் கருவியின் பொதுவான குறிப்பு அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. கான்ஃபிகருக்குக் கொடுக்க வேண்டிய நீளமான வரி, எந்தப் பழைய எழுத்துருவுக்கு எந்த மேப் என்ற பட்டியல், எல்லாவற்றையும் நான் எழுதி வைத்திருந்தது அந்தக் கோப்பில்தான். கிட் களஞ்சியத்தில் போடவில்லை, நகலும் இல்லை. கேட்காமல் அழித்துவிட்டதே என்று கருவியைத் திட்டினேன். எஃப் என்றால் ஃபோர்ஸ்; அப்படிச் சொன்னால் அது வேறென்ன செய்யும்?

கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது. டெபியனின் ஆட்டோடூல்ஸ்-டெவ் தொகுப்பில் புதியவை தயாராகவே இருக்கின்றன. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். சோம்பேறித்தனம்.

பட்டியலை ஒவ்வொரு எழுத்துருவாகச் சோதித்துத் திரும்ப எழுதினேன். அதுவரை அண்ணனிடம் மெமரி கார்டு போய்விட்டது என்று சொல்லி வைத்தேன். அவர் நம்பி, திண்டிவனம் போய்ப் புதுக் கார்டு வாங்கி வந்தார். நல்ல கார்டு குப்பைக்குப் போனது. காசை நான் இன்னும் கொடுக்கவில்லை.