இரு பத்திரங்களின் சாட்சி

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு சமர்ப்பிக்கும் பருவத்தில், அரசாங்க மருத்துவக் காப்பீட்டுச் சந்தையிலிருந்து 1095-ஏ என்றும், வேலை தரும் நிறுவனத்திலிருந்து 1095-சி என்றும் இரு பத்திரங்கள் வந்து, ஒரே மாதங்களைக் குறித்து ஒன்றுக்கொன்று விரோதமாகச் சாட்சி சொல்லுமாயின், மனம் சஞ்சலப்படுவது சகஜமே.

ஆனால் இவ்விரண்டும் சம அந்தஸ்து உடையவை அல்ல: முன்னதைக் கொண்டு, பிரீமியத்துக்காக முன்கூட்டிப் பெற்ற வரிச் சலுகையை 8962-ஆம் படிவத்தில் நேர் செய்தாக வேண்டும், பின்னதையோ கணக்குடன் இணைக்க வேண்டுவதில்லை, பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

எனினும், கட்டுப்படியாகும் விலையில் போதிய காப்பீட்டை நிறுவனம் அளிக்க முன்வந்த மாதங்களுக்கு, நாம் அதை ஏற்காதிருந்தாலும், பொதுவாக அச்சலுகையில் நமக்குப் பாத்தியதை இல்லையாதலால், அம்மாதங்களைக் காட்டும் 1095-சியும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 1095-ஏ பிழையுடையதாயின், சந்தையிடமே திருத்திய படிவம் பெற்ற பின்னர்க் கணக்கை அனுப்புவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.